வெள்ளைச் சட்டை எல்லாரையும் ஒன்றாக்குமா?

2010 ஆம் ஆண்டின் முற்பகுதி. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து, செட்டிகுளத்து முகாம்களில் மாதக்கணக்கில் இருந்து, பின்னர் விடுவிக்கப்பட்டு, யாழ். குடாநாட்டில் உறவினர் வீடுகளில் ஒதுங்கியிருந்த குடும்பங்கள் மத்தியில் நாம் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலை ஒரு தாய் தமது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு எமது பணிமனைக்கு வந்தார். பையன் ஏழாம் ஆண்டில் படிப்பவன்.

“பாதர், இவன் ஒரு கிழமையாப் பள்ளிக்கூடம் போறானில்லை. அடிச்சும் பாத்திட்டன், கெஞ்சியும் பாத்திட்டன். என்னெண்டு நீங்களே கேளுங்கோ.”

பையன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். தாய் வெளியே போய் வேப்பமரத்தடியில் அமர்ந்த பின்னரே வாய் திறந்தான்.

“அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு போகமாட்டன் பாதர். ‘முகாம் சேட்டு’ எண்டு சொல்லுறாங்கள்.”

அந்தச் சேட்டுத் துணி நாம் கொடுத்த துணி. மொத்த விலைக்குக் கட்டுக் கட்டாக வாங்கி, இடம்பெயர்ந்த பிள்ளைகள் அனைவருக்கும் பங்கிட்டிருந்தோம். விலை குறைவு, தரமும் மோசமில்லை. ஆனால் நிறத்தில் ஒரு சிறு வேறுபாடு இருந்தது. மற்றப் பிள்ளைகளின் சட்டைகள் நீலம் பாய்ந்த வெண்மை. எமது துணி பாலாடை போன்ற வெண்மை. கட்டை அவிழ்த்துப் பங்கிட்ட அன்று எம்மில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. பிள்ளைகளுக்கு முதல் நாளே கண்ணில் பட்டுவிட்டது. ஒரு வாரத்திற்குள் அந்தப் பாடசாலையில் யார் யார் முகாமிலிருந்து வந்தவர்கள் என்பதைச் சட்டையைப் பார்த்தே சொல்லக்கூடியதாக இருந்தது.

வேறுபாட்டை மறைப்பதற்கென்று நாம் கொடுத்த சீருடையே அவர்களை வேறுபடுத்திக் காட்டியது.

இந்த நிகழ்ச்சியை நாம் பல இடங்களில் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் பெற்றோர் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. “அப்ப சீருடை வேண்டாம் எண்டு சொல்லுறியளோ?” அப்படி நாம் சொல்லவில்லை. ஆயினும் இந்தக் கேள்வியை ஆறுதலாக இருந்து சிந்திக்க வேண்டும். ஏனெனில் புதிய பாடசாலை ஆண்டு தொடங்கும்போது எத்தனையோ குடும்பங்கள் காதிலிருக்கும் தோட்டை அடகு வைத்தும், அடுத்த போகத்து விதைக்கென்று வைத்திருந்த காசை எடுத்தும் சீருடையும் சப்பாத்தும் வாங்குகின்றன. ‘பிள்ளையை ஒருவரும் நையாண்டி பண்ணக்கூடாது’ என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அந்த நம்பிக்கை சரியானதா?

சீருடை வந்த வழி

ஒரே விதமான உடையில் மாணவரை அனுப்பும் வழக்கத்தின் பழைய வேர்களுள் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. 1552 ஆம் ஆண்டில் இலண்டனில் கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்ற பெயரில் அநாதைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குமாக ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. அங்கே பிள்ளைகளுக்கு நீண்ட நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் கொடுக்கப்பட்டன. இதைப் பின்பற்றி எழுந்த தருமப் பாடசாலைகள் ‘நீல அங்கிப் பாடசாலைகள்’ என்றே அழைக்கப்பட்டன. ஆக, அங்கே சீருடை முதலில் செல்வந்தரின் அடையாளமாக இருக்கவில்லை. ‘இந்தப் பிள்ளை தருமத்தில் படிக்கிறது’ என்று தெருவுக்கே அறிவிக்கும் உடையாக இருந்தது. எமது பாலாடைச் சட்டையின் கதையும் இதுவே. காலப்போக்கில் பெரிய இடத்துப் பாடசாலைகளும் தமக்கென்று சீருடை வகுத்துக்கொண்டன. அதன் பிறகு அது பெருமையின் சின்னமாயிற்று.

எமது நாட்டில் 1945 ஆம் ஆண்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980 இல் இலவசப் பாடநூல்கள் வந்தன. 1993 இல் இலவசச் சீருடைத் துணி வந்தது. 2016 ஆம் ஆண்டுக்கெனத் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளின் பின்னர் மீண்டும் துணியே கொடுக்கப்பட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சீன அரசு பெருமளவு துணியை நன்கொடையாக அனுப்பியது. 2025 ஆம் ஆண்டுக்கான முழுத் தேவையும் அவ்வாறே நிறைவு செய்யப்பட்டது.

இது சிறிய உதவி அன்று. நாலு பிள்ளைகள் உள்ள ஒரு தோட்டக்காரக் குடும்பத்திற்கு நாலு சட்டைத் துணி சும்மா கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களுக்குத் தெரியும். எனினும் துணி கிடைப்பது ஒன்று. அதைத் தைக்கக் கூலி கொடுப்பது இன்னொன்று. சப்பாத்து, காலுறை, கழுத்துப் பட்டி, புத்தகப் பை என்பன வேறொன்று. அரசு தரும் துணி இவற்றுக்கெல்லாம் விடையாகாது.

வெள்ளை மூடாதவை

‘ஆள் பாதி ஆடை பாதி’ என்பார்கள். ஆடையை ஒன்றாக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். தூரத்தில் நின்றால் கொக்குக் கூட்டம் போல எல்லாம் வெள்ளை. கிட்டப் போனால் எத்தனையோ வெள்ளைகள்.

இரண்டு மூன்று சோடி வைத்திருக்கும் பிள்ளையின் சட்டை ஒரு விதம். ஒரே சோடியை ஒவ்வொரு பின்னேரமும் தோய்த்து, இரவில் அடுப்புக்கு மேலே கொடியில் உலர்த்தி, காலையில் சாம்பல் மணத்தோடு போட்டுக்கொண்டு வரும் பிள்ளையின் சட்டை இன்னொரு விதம். காவி படிந்த கிணற்று நீரில் தோய்த்த வெள்ளை ஒரு வருடத்தில் மஞ்சளாகிவிடும்; எவ்வளவு நீலம் போட்டாலும் மீளாது. அண்ணனின் சட்டை தம்பிக்கு வரும்போது தோள் கீழே இறங்கிவிடுகிறது. சப்பாத்தின் அடி கழன்றிருக்கிறது. நிவாரணமாகக் கிடைத்த பையின் முதுகில் ஏதோவொரு நிறுவனத்தின் சின்னம் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

உடை எல்லாம் ஒன்றாக இருந்தாலும் பேச்சு இருக்கிறது. வன்னிப் பிள்ளையின் ஒரு சொல், குடாநாட்டுப் பிள்ளைக்குச் சிரிப்பாக இருக்கிறது. சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. தகப்பன் இல்லாத வீடு இருக்கிறது. ஊர்ப்பெயர் இருக்கிறது. வெளியே சொல்லாமல் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் சாதி இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் நிலத்தில் இருக்க, மற்றவர்கள் வாங்கில் இருந்து படித்த காலம் ஒன்று இருந்தது. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்லாருக்கும் சம ஆசனம் என்ற விதி வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைக் கொட்டகைகள் எரிக்கவும்பட்டன. சம ஆசனம் வந்தது மிகப் பெரிய முன்னேற்றம். அதை ஒருவரும் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும் ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் அன்றே ஒருவரையொருவர் சமமாக மதித்துவிட்டார்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். வாங்கு கதவைத் திறந்தது. மனத்தைத் திறப்பதற்கு வேறு உழைப்பு வேண்டியிருந்தது, இன்றும் வேண்டியிருக்கிறது.

தோட்டக்காரருக்குக் கோரைப்புல்லைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே அரிந்துவிட்டால் இரண்டு நாள் நிலம் சுத்தமாகத் தெரியும். கிழங்கு கீழே இருக்கும்வரை அது மீண்டும் முளைக்கும். பிள்ளைகளிடையே நடக்கும் வதையும் அப்படிப்பட்டதே. உடையைக் கொண்டு நையாண்டி பண்ண வழியில்லை என்றால், அது சப்பாத்தைப் பிடிக்கும். சப்பாத்தும் ஒன்றானால் பேச்சைப் பிடிக்கும்.

எது பகிடி, எது வதை?

எல்லாப் பகிடியும் வதை அன்று. பிள்ளைகள் விளையாடுவார்கள், சண்டை பிடிப்பார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள், பின்னர் ஒன்றாக மாங்காய் அடிக்கப் போவார்கள். இந்தத் துறையில் முன்னோடியாக ஆராய்ந்த டான் ஒல்வேயஸ் என்ற அறிஞர் வதைக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார். அது வேண்டுமென்று செய்யப்படுவது. திரும்பத் திரும்ப நடப்பது. செய்பவருக்கும் படுபவருக்கும் இடையில் பலம் சமமாக இல்லாதிருப்பது.

இந்த மூன்றாவது அடையாளத்தைக் கவனியுங்கள். இடம்பெயர்ந்த பிள்ளைக்கு அந்த ஊரில் அண்ணன்மார் இல்லை, சிறுவயதுக் கூட்டாளி இல்லை, தெரிந்த ஆசிரியர் இல்லை. பலம் குறைந்த இடத்திலேயே அது வகுப்பறைக்குள் நுழைகிறது. ஆகவே மற்றப் பிள்ளைக்குப் பகிடியாக முடிவது, இந்தப் பிள்ளைக்கு வதையாக மாறுவது எளிது.

வெளிநாடுகளில் கண்ட முடிவுகள்

அமெரிக்காவில் அரசாங்கப் பாடசாலைகளில் நெடுங்காலம் சீருடை வழக்கத்தில் இருக்கவில்லை. 1994 ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் லோங் பீச் நகரம் எட்டாம் வகுப்பு வரையுள்ள தனது பாடசாலைகளில் சீருடையைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டில் மாணவரிடையே சண்டைகள் 51 வீதம் குறைந்தன என்றும், பாடசாலைக் குற்றங்கள் 36 வீதம் குறைந்தன என்றும் அறிவிக்கப்பட்டது. 1996 சனவரியில் சனாதிபதி பில் கிளின்டன் தமது நாடாளுமன்ற உரையிலேயே சீருடையை ஆதரித்துப் பேசினார்.

ஆனால் விமர்சகர்கள் ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்டினர். அந்த நகரம் சீருடையை மட்டும் கொண்டுவரவில்லை. அதே காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன; பாடவேளை மாறும்போது ஆசிரியர்கள் நடைபாதைகளில் நின்று கவனிப்பதும் கூட்டப்பட்டது. சண்டை குறைந்தது சட்டையாலா, கண்காணிப்பாலா? இதைப் பிரித்தறிய வேண்டியிருந்தது.

1998 ஆம் ஆண்டில் புறன்ஸ்மா, றொக்கமோர் என்ற இரு ஆய்வாளர்கள் நாடு தழுவிய தரவுகளை எடுத்து ஆராய்ந்தனர். பத்தாம் வகுப்பு மாணவரின் ஒழுங்கீனத்திலோ, போதைப்பொருள் பாவனையிலோ, வரவிலோ சீருடையால் நேரடி விளைவு எதையும் அவர்கள் காணவில்லை. 2022 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு 6,000 இற்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பாலர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்தது. ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்சாரியும் அவருடன் பணியாற்றியோரும் செய்த ஆய்வு அது. சீருடை உள்ள பாடசாலைப் பிள்ளைகளும் சீருடை இல்லாத பாடசாலைப் பிள்ளைகளும் தாம் வதைக்கப்படுவது பற்றிச் சொன்னவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. ‘இது எனது பாடசாலை’ என்ற உணர்வு சீருடை உள்ள இடங்களில் சற்றுக் குறைவாகவே இருந்தது.

அமெரிக்காவின் நிலைமை வேறு, எமது நிலைமை வேறு. ஆயினும் சீருடை ஒன்றே வதையை நிறுத்திவிடும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்பதை நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பின் எதற்காகச் சீருடை?

இதற்குக் கென்யா நாட்டின் மேற்குப் பகுதியிலிருந்து ஒரு நல்ல பதில் கிடைக்கிறது. அங்கும் எம்மைப்போல உழவுத் தொழில் செய்யும் மக்கள். அங்கும் பிள்ளைக்குச் சீருடை வாங்குவது குடும்பத்துக்குப் பெரும் பாரம். ஒரு தொண்டு நிறுவனம் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைத் தெரிந்து இலவசமாகச் சீருடை கொடுத்தது. ஆய்வாளர்கள் இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். சீருடை பெற்ற பிள்ளைகள் பாடசாலைக்கு வராமல் நிற்பது ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. முன்பு சீருடையே இல்லாதிருந்த பிள்ளைகளிடையே அது ஐந்தில் மூன்று பங்களவு குறைந்தது. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபோது இந்த நன்மை நிலைத்திருக்கவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர். ஒருமுறை கொடுத்த சட்டை ஒரு வாழ்நாளுக்குப் போதாது அன்றோ!

இதிலிருந்து நாம் அறிவது யாது? சீருடை பிள்ளையைப் பாடசாலை வாசல்வரை கொண்டுவரும். தினம் ஒரு உடுப்புத் தேடும் கவலையைத் தாய்க்குக் குறைக்கும். ஆகவே சீருடை கொடுப்பது நல்லது. தொடர்ந்து கொடுக்க வேண்டியது. வாசலைக் கடந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பது வேறு காரியம். அதைத் துணி தீர்மானிப்பதில்லை, ஆட்கள் தீர்மானிக்கிறார்கள்.

வேலியே பயிரை மேய்ந்தால்

இங்கே மனவருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில இடங்களில் சீருடை வதையைக் குறைப்பதற்குப் பதிலாக வதைக்கு வழி செய்துவிடுகிறது.

காலையில் படலையடியில் மாணவ தலைவர்கள் நிற்கிறார்கள். சப்பாத்து இல்லாத பிள்ளை, கழுத்துப் பட்டி இல்லாத பிள்ளை, காலுறை வேறு நிறமான பிள்ளை எல்லாம் ஒரு பக்கமாக நிறுத்தப்படுகின்றன. பிரார்த்தனை முடிந்து எல்லாரும் வகுப்புக்குப் போகும்போது அவை மட்டும் வெயிலில் நிற்கின்றன. வகுப்பில் ஆசிரியர் எல்லார் முன்னிலையிலும் கேட்கிறார்: “உனக்கெல்லாம் என்னத்துக்குப் பள்ளிக்கூடம்?”

அந்த ஆசிரியர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. பாடசாலையின் ஒழுங்கைக் காப்பதே அவருடைய நோக்கம். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் நாற்பது பிள்ளைகள் அந்த நேரத்தில் ஒரு பாடம் படிக்கின்றன. ‘இந்தப் பிள்ளையை இப்படிப் பேசலாம், பெரியவர்களே பேசுகிறார்கள்’ என்பதே அந்தப் பாடம். இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் அதே வார்த்தைகள் திரும்பவும் வரும்.

சப்பாத்து வாங்குவது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் இல்லை. தன் கையில் இல்லாத ஒன்றுக்காகப் பிள்ளை தண்டிக்கப்படுவது நியாயம் ஆகாது. உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டில் சுற்றறிக்கை அனுப்பியது. உடலில் தழும்பு விடாத தண்டனைகளும் உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். 2016 இல் கட்டாயக் கல்வியின் வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயம் என்ற சொல் பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருப்பது பாடசாலையின் கடமையுமாகும்.

நோர்வே செய்தது

சரி, வதையைக் குறைக்க வழியே இல்லையா? உண்டு. அந்த வழியைக் காட்டிய நாடு, சீருடை வழக்கமே இல்லாத நோர்வே.

1982 ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டில் மூன்று சிறுவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். கூடப் படித்தவர்களின் தொடர்ச்சியான வதையே காரணமாக இருக்கலாம் என்று தெரிந்தபோது நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு, 1983 இல், கல்வி அமைச்சு நாடளாவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. நாம் மேலே சொன்ன ஒல்வேயஸ், பேர்கன் நகரில் 42 பாடசாலைகளில் ஏறத்தாழ 2,500 மாணவரிடையே அதன் பலனைக் கணித்தார். இருபது மாதங்களுக்குள் வதை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

அவர்கள் செய்தவை பெரும் பணம் வேண்டுபவை அன்று. முதலில், பெயர் எழுதாத ஒரு வினாத்தாளைக் கொடுத்து, எங்கே, எப்போது, யாருக்கு நடக்கிறது என்று பிள்ளைகளிடமே கேட்டறிந்தனர். இடைவேளையில் ஆசிரியர்கள் அந்த இடங்களில் நின்றனர். ஒவ்வொரு வகுப்பும் சில எளிய விதிகளை வகுத்துக்கொண்டது: நாம் ஒருவரையும் வதைக்கமாட்டோம், வதைக்கப்படுபவருக்கு உதவுவோம், தனித்து விடப்பட்டவரைச் சேர்த்துக்கொள்வோம். வகுப்புக் கூட்டங்களில் இதுபற்றித் தொடர்ந்து பேசினர். வதைத்த பிள்ளையோடும் வதைபட்ட பிள்ளையோடும் தனித்தனியே பேசினர். பெற்றோரையும் அழைத்துப் பேசினர்.

சுருக்கமாகச் சொன்னால், பெரியவர்கள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். பார்த்ததை விட்டுவிடாமல் தொடர்ந்தார்கள். கோரையின் கிழங்கைத் தோண்டுவது என்பது இதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

பெற்றோர் முதலில் செய்யக்கூடியது கேட்பது. பிள்ளை பாடசாலைக்குப் போக மறுத்தால் தடியை எடுக்குமுன் காரணத்தைக் கேளுங்கள். காலையில் வயிற்றுவலி, சனிக்கிழமை சுகம்; புத்தகம் கிழிந்து வருவது; நேர் வழியை விட்டுச் சுற்று வழியால் வீடு திரும்புவது; காசு காணாமற் போவது – இவையெல்லாம் சொல்லாத சொற்கள். “நீயும் திருப்பி அடி” என்று சொல்லிவிடுவது எளிது. பலம் குறைந்த பிள்ளைக்கு அது இன்னும் ஓர் அடியையே வாங்கித்தரும்.

இரண்டாவது, தனியாகப் போகத் தயங்கினால் இன்னொரு பெற்றோரையும் அழைத்துக்கொண்டு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். சண்டைக்குப் போவதுபோல் அன்றி, ‘எங்கே நடக்கிறது, எப்போது நடக்கிறது’ என்ற விபரத்தோடு போங்கள். இடம்பெயர்ந்தவர் என்பதால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக் கூட்டத்தில் பின்வாங்கில் இருந்து மௌனமாக எழும்பி வரவேண்டாம். பிள்ளை அங்கே படிக்கிறது என்றால் அந்தச் சங்கம் உங்களுடையதுமாகும். படலையடியில் பிள்ளைகளை நிறுத்தும் வழக்கத்தை மாற்றி, சீருடைக் குறை இருந்தால் பெற்றோரோடு தனியே பேசும்படி அங்கே கேட்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு அளவில்லாமற் போன சட்டை, சப்பாத்துகளைச் சேர்த்து, பெயர் சொல்லாமல் கொடுக்கும் ஓர் அலுமாரியை அதிபரின் அறையில் வைக்கலாம். காரியம் கைமீறிப் போகுமானால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

மூன்றாவது, எமது பிள்ளையே வதைப்பவனாகவும் இருக்கலாம். ஒரு முகாமில் அடிபட்ட பிள்ளை இன்னொரு முகாமில் சிறியவனை அடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். “என்ர பிள்ளை அப்பிடிச் செய்யாது” என்ற வார்த்தை வாயில் வரும்போது ஒருகணம் நிறுத்திக் கொள்வோம்.

நான்காவது, எம்மைப் போன்ற நிறுவனங்களுக்கு. உதவி பெறும் பிள்ளையின் முதுகில் எமது சின்னம் வேண்டாம். அந்த ஊர்க் கடையில் மற்றப் பிள்ளைகள் வாங்கும் துணியையே வாங்குவோம். இயலுமானால் ஊரிலுள்ள வறிய பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுப்போம். கட்டுக்கணக்கில் வாங்கி மிச்சம்பிடித்த காசு யாருடைய கண்ணீரில் மிச்சம்பிடித்தது என்பதை நாம் அந்தப் பையனிடமே கற்றுக்கொண்டோம்.

அந்தப் பையன்

அவனுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். முதலில் நாம் செய்தது, ஊர்க் கடையில் வேறு துணி வாங்கிக் கொடுத்தது. புதிய சட்டையோடு போனான். மூன்றாம் நாள் மீண்டும் வந்து நின்றான். சட்டை மாறியிருந்தது, பட்டப்பெயர் மாறவில்லை. ‘முகாம் சேட்டு’ இப்போது ‘முகாம்’ என்று சுருங்கியிருந்தது, அவ்வளவே.

அதன் பிறகே நாம் வகுப்பாசிரியையிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். தமக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி எம்மை அனுப்பிவிடவில்லை. அடுத்த நாளிலிருந்து இடைவேளையில் தமது தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றார். அந்தப் பிள்ளைகள் அவர் கண்ணெதிரே எதுவும் செய்யவில்லை. பின்னர் இரண்டு பையன்களின் வீடுகளுக்கு அவரோடு நாமும் போனோம். அதில் ஒரு தகப்பன் முதலில் எம்மேல் சினந்தார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தொண்ணூற்றைஞ்சில நாங்களும் சாவகச்சேரியில ஒரு வீட்டுத் திண்ணையில கிடந்தனாங்களடா. அவையள் எங்களை அப்பிடிச் சொல்லியிருந்தா?”

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் பெயர்ந்த அந்த இரவில் நாமும் ஒரு பாடசாலை மாணவரே. தென்மராட்சியில் மரநிழலில் பிற்பகல் வகுப்பு நடந்தது. எம்மில் ஒருவருக்கும் ஒழுங்கான சீருடை இல்லை. ‘ஓடிவந்ததுகள்’ என்று சொன்னவர்களும் இருந்தார்கள். தமது கொப்பியின் பாதியைக் கிழித்துத் தந்தவர்களும் இருந்தார்கள். இத்தனை ஆண்டுகளின் பின்னர் சொன்னவர்களின் முகம் மறந்துவிட்டது. கொப்பி தந்தவனின் முகம் மறக்கவில்லை.

பையன் தொடர்ந்து படித்தான். குடும்பம் வன்னிக்குத் திரும்பும்வரை அதே பாடசாலையில் இருந்தான். பட்டப்பெயர் முற்றாக மறைந்ததா என்று கேட்டால், இல்லை. இடையிடையே வந்தது என்று தாய் சொன்னார். ஆனால் அவன் தனியாக நிற்கவில்லை. அதே ஆண்டில் அதே துணியில் தைத்த சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை பாடசாலையை விட்டு நின்றுவிட்டது. அதன் வீட்டுக்கு நாம் போனது பிந்திவிட்டது. அதுவும் எமது கணக்கில் எழுதப்பட வேண்டியதே.

வெள்ளைச் சட்டை எல்லாரையும் ஒன்றாகக் காட்டும். ஒன்றாக்குவது சட்டையின் வேலை அன்று. அது தாய் தந்தையரின் வேலை, ஆசிரியரின் வேலை, ஊரின் வேலை. பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுப்போம். அந்தச் சட்டைக்குள் இருக்கும் பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வார்த்தை கேட்போம்.

கிராமக் கூட்டங்களில் கலந்துரையாட:

1. எமது ஊர்ப் பாடசாலையில் பிள்ளைகள் எந்த இடத்தில், எந்த நேரத்தில் வதைக்கப்படுகிறார்கள்? பிள்ளைகளிடமே கேட்டறிந்தோமா?

2. சீருடை, சப்பாத்து இல்லாத பிள்ளையை எமது பாடசாலை எவ்வாறு நடத்துகிறது? இதனைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எப்போதாவது பேசினோமா?

3. புதிதாக எமது ஊருக்கு வந்த குடும்பத்துப் பிள்ளையோடு பாடசாலைக்குக் கூடிப்போக எமது பிள்ளைகளில் யாரை அனுப்புவோம்?